புலியின் வலது பக்கம்

பொன்மலை ரயில்வே ஒர்க் ஷாப் சங்குக்கு எழுந்து, சங்குக்குச் சாப்பிட்டு, சங்குக்குப் பள்ளிக்கூடம் போனவர்கள் நம்மில் இன்னும் சிலராவது மிச்சம் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். ஒரு புலியைப் பார்க்க ஒரு குடும்பம் மூன்று ரயில் மாறிப் போனது ஏன் என்று மற்றவர்களுக்கு விளக்கி முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிடும்.

என் அப்பா ஒர்க் ஷாப்பில் பெயிண்டர். பழுது பார்த்து வெளியே வரும் பெட்டிகளில் ஜன்னலுக்குக் கீழே மெல்லிய மஞ்சள் கோடு ஒன்று ஓடுமே, ஞாபகம் இருக்கிறதா? அந்தக் கோடு போடுவது அவர் வேலை. சுண்ணாம்பு தடவிய நூலை இழுத்துக் கட்டிச் சுண்டிவிட்டு, அந்த அடையாளத்தின்மேல் பிரஷை வைத்தால் மூச்சை அடக்கிக்கொண்டு பெட்டியின் அடுத்த முனையில்தான் எடுப்பார். பெட்டியின் இடது பக்கம் போட்ட கோட்டுக்கும் வலது பக்கக் கோட்டுக்கும் மயிரிழை வித்தியாசம் இருந்தால் அன்று அவருக்குச் சோறு இறங்காது. அம்மா தட்டைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள்.

வருடத்தில் ஒரு நாள் மட்டும் அவர் ஒரு மனிதர்மேல் வர்ணம் அடிப்பார். ஆயுத பூஜையன்று ஒர்க் ஷாப்புக்குள் குடும்பங்களை விடுவார்கள் அல்லவா, அன்றைக்குப் பட்டறைச் சம்மட்டிக்காரர் ஒருவர் புலி வேஷம் கட்டுவார். ஆறடி ஆள். விடிவதற்கு முன்பே எங்கள் குவார்ட்டர்ஸ் கொல்லைக்கு வந்து, ஊன்றி வைத்த இரண்டு மூங்கில் கழிகளைப் பிடித்துக்கொண்டு கையை அகல விரித்து நிற்பார். வர்ணம் காய்கிறவரை உட்காரக் கூடாது, சாயக் கூடாது, சொறியக் கூடாது. மூக்கு அரித்தால் என்னைக் கூப்பிடுவார். நான் விசிறிக் காம்பால் சொறிந்துவிடுவேன். டர்பன்டைன் வாசனையில் கண்ணெல்லாம் எரியும். ஆனாலும் அந்த வேலையை நான் தம்பிக்கு விட்டுக்கொடுத்ததே இல்லை.

எனக்கு எட்டு முடிந்து ஒன்பது நடந்த வருஷம் அது. தம்பிக்கு ஐந்து. வழக்கம்போல அப்பா சம்மட்டிக்காரர் உடம்பு முழுக்க மஞ்சள் பூசி, கறுப்பு வரிகளைப் போட்டார். வழக்கம்போல நூல் பிடித்துத்தான் போட்டார். இடது விலாவில் ஏழு என்றால் வலது விலாவிலும் ஏழு, அதே இடைவெளி, அதே தடிமன். தப்பட்டை அதிர, புலி ஒர்க் ஷாப் வாசலுக்கு வந்து ஒரு சுற்று ஆடி முடித்ததும் டைம்கீப்பர் முன்னால் வந்தார். யுத்தத்தில் பர்மா எல்லைவரை போனவர், அங்கே புலியை நேரில் பார்த்தவர் என்று அவருக்குப் பெயர். அவர் புலியை ஒரு பக்கம் பார்த்தார், சுற்றிப் போய் மறுபக்கமும் பார்த்தார்.

“வேஷம் நல்லாத்தான் இருக்கு. ஆனா புலி மாதிரி இல்லையேப்பா, மூணாங்கிளாஸ் பெட்டி மாதிரில்ல இருக்கு” என்றார்.

சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. வர்ணத்துக்குள் இருந்த சம்மட்டிக்காரரே வயிற்றைக் குலுக்கிக்கொண்டு சிரித்தார். அப்பாவும் சிரித்தார். ஆனால் அவர் காதுமடல் சிவந்துபோனதை நான் பார்த்தேன்.

சாயங்காலம் கொல்லையில் மண்ணெண்ணெய்த் துணியால் வர்ணத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது சம்மட்டிக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார். “அண்ணே, தப்பா நெனைச்சுக்காதீங்க. உறையூர்ல ஒருத்தர் புலி நல்லாப் போடறாராம். அடுத்த வருஷம் அவர்ட்டப் போட்டுக்கலாமான்னு பசங்க கேக்கறாங்க.”

அப்பா துடைப்பதை நிறுத்தவில்லை. “அடுத்த வருஷத்துக்குள்ள நான் புலியைப் பார்த்துடறேன்ப்பா. ரெண்டு பக்கமும் பார்த்துடறேன். பார்த்துட்டு நான் போட்டது தப்புன்னா உறையூருக்கு நானே உன்னைக் கூட்டிட்டுப் போறேன்” என்றார்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. புலிக்கு இரண்டு பக்கமும் வரி ஒன்றா, வேறா? குழாயடியில் பெண்கள் பேசினார்கள். சைக்கிளை உருட்டிக்கொண்டே ஷிப்டுக்குப் போகிறவர்கள் பேசினார்கள். எங்கள் வகுப்பு டீச்சரிடம் நான் கேட்டேன். அவர் யோசித்துப் பார்த்துவிட்டு வாய்ப்பாட்டை எடுக்கச் சொன்னார்.

முதலில் பூனையில் ஆரம்பித்தோம். புலியும் பூனையும் ஒரே ஜாதி என்று அப்பா எங்கோ படித்திருந்தார். ரயில்வே கேண்டீன் பின்புறத்தில் சாம்பல் வரி போட்ட பூனை ஒன்று திரியும். தம்பியும் நானும் அதைக் கோணிப்பையில் பிடித்துக்கொண்டு வந்தோம். அப்பா அதன் ஒரு பக்கத்தை நோட்டில் வரைந்து முடித்தார். மறுபக்கம் திருப்பியதும் அது தம்பியின் கையைக் கீறிவிட்டு ஓட்டுமேல் ஏறிவிட்டது. கேண்டீன் சோறு தின்கிற பூனையெல்லாம் கணக்கில் வராது என்று அப்பா சொல்லிவிட்டார். தம்பி கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கம் போனோம். கால் தூக்கிய குதிரைகள் வரிசையாக நிற்கும் மண்டபத்தில், குதிரையின் அடியில் வீரன் ஒருவன் புலியை ஈட்டியால் குத்துவானே, அந்தத் தூண்களை அப்பா ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். கல்லில் வரி ஏது? தீர்த்தச் சொம்புடன் அந்தப் பக்கம் வந்த பட்டர் ஒருவர் என்ன தேடுகிறீர் என்று விசாரித்தார். அப்பா விஷயத்தைச் சொன்னார். சிற்பி பெருமாளையே நினைத்துக்கொண்டு செதுக்கியிருப்பான், வரியை நினைக்க அவனுக்கு எங்கே போது என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார். அன்று பெருமாளைச் சேவிக்காமலே திரும்பிவிட்டோம் என்பது பஸ் ஏறிய பிறகுதான் அம்மாவுக்கு உறைத்தது. பாதிப் பாலத்தில் பஸ்ஸை நிறுத்தவா முடியும்? காவிரியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

சர்க்கஸும் வந்தது. அதில் சிங்கம் இருந்தது, கரடி இருந்தது, புலி மட்டும் போன முகாமிலேயே செத்துவிட்டதாம். அப்படியே இருந்தாலும் கூண்டுப் புலி சொறிப் புலி, அதற்கு வரியே மிஞ்சியிருக்காது என்றார் டைம்கீப்பர். காட்டுக்குத்தான் போக வேண்டும் என்று அப்பா முடிவு செய்தது அப்போதுதான்.

இத்தனை ஆரவாரத்திலும் அம்மா கேட்டது ஒரே ஒரு கேள்வி. அப்பாவுக்குச் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். “முதுகுலேருந்து இறங்கற வரி வயித்துக்கு அடியில எங்க போயி முடியும்ங்க? அந்தப் பக்கத்து வரியோட சேருமா, அப்படியே நின்னுடுமா?”

அப்பா சிரித்தார். “பல்லியைப் பார்த்தாலே ஊரைக் கூட்டறவ நீ. புலி வயித்துக்கு அடியில குனிஞ்சு பார்க்கப் போறியா?” என்றார். நாங்களும் சிரித்தோம். அம்மா ரசத்தைக் கலக்கி ஊற்றினாள்.

அம்மாவுக்குப் பல்லி பயம் உண்மைதான். அதே அம்மா, சங்கு ஊதியதும் கேட்டிலிருந்து கொட்டுகிற சைக்கிள் கூட்டத்தில் அப்பாவின் தலை எது என்று வீட்டு வாசலில் நின்றபடியே சொல்லுவாள். ஆயிரம் காக்கிச் சட்டையில் ஒன்று. எங்களுக்கெல்லாம் பக்கத்தில் வந்து மணி அடித்தால்தான் தெரியும். இது எவ்வளவு பெரிய விஷயம் என்று வீட்டில் யாரும் நினைத்ததில்லை.

கோடை விடுமுறைக்கு அப்பா ரயில்வே இலவசப் பாஸுக்கு எழுதிப் போட்டார். ரயில்வே குடும்பம் என்றால் பாஸ் இருக்கும், பாஸ் இருந்தால் பழநி, மதுரை, மிஞ்சிப் போனால் திருப்பதி. முதுமலைக் காட்டுக்குப் போகப் பாஸ் எடுத்தது பொன்மலையிலேயே நாங்கள்தான் என்று நினைக்கிறேன். காட்டிலாகா அலுவலகத்துக்கும் ஒரு கார்டு எழுதினார். புலி எத்தனை மணிக்கு வரும், எந்த இடத்தில் நிற்கும், எத்தனை நிமிஷம் நிற்கும் என்று கேட்டிருந்தார். விடியற்காலையில் யானைமேல் கூட்டிப் போவோம், புலிக்கு உத்தரவாதம் இல்லை என்று பதில் வந்தது. அப்பாவுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. நேரம் குறிக்காமல் ஒரு வேலை எப்படி நடக்கும் என்றார்.

படுக்கை சுருட்டிய ஹோல்டால் ஒன்று, டிரங்குப் பெட்டி ஒன்று, வெள்ளி மாதிரி மின்னும் கூஜா ஒன்று. இட்லிக்கு மிளகாய்ப்பொடி தடவி வாழை இலையில் கட்டியது ஈரோடுவரை வந்தது, புளியோதரை மேட்டுப்பாளையம்வரை வந்தது. மலை ரயிலில் தம்பி வாந்தி எடுத்தான். மலை உச்சியில் ரயிலை விட்டு இறங்கிக் கூடலூர் பஸ். முதுமலையில் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது யானைச் சாணமும் ஈர மண்ணும் கலந்த ஒரு வாசனை வந்தது. நல்ல வாசனையா கெட்ட வாசனையா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.

மூன்று காலைகள் எங்களுக்கு இருந்தன. இரண்டு பெட்டை யானைகள், ஒவ்வொன்றின் மேலும் பாகனுக்குப் பின்னால் பெரியவர் ஒருவரும் குழந்தை ஒன்றும். அப்பாவும் நானும் ஒன்றில், அம்மாவும் தம்பியும் இன்னொன்றில். பேசக் கூடாது என்று பாகன்கள் உத்தரவு. முதல் காலை மான்கள் பார்த்தோம். இரண்டாம் காலை ஒரு மரத்தில் புலி நகம் கீறிய தழும்பு பார்த்தோம். புதுசு, பால் வடிந்துகொண்டிருந்தது. அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். வீட்டில் என்றால் முதல் சங்கு ஊதியிருக்கும் நேரம்.

மூன்றாம் காலை பனி இறங்கியிருந்தது. உண்ணிச்செடிப் புதர்கள் நனைந்து, யானையின் காலில் நசுங்கி, காரமாக நெடி அடித்தன. எங்கேயோ ஒரு மான் எச்சரிக்கை மாதிரி கனைத்தது. மறுபடி கனைத்தது. எங்கள் பாகன் கையைத் தூக்கி அடுத்த யானைக்கு ஏதோ ஜாடை காட்ட, அது ஒரு பெரிய மூங்கில் புதரைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனது. அதன் தலை மட்டும் இலைகளுக்கு நடுவே தெரிந்தது. அம்மா தெரியவில்லை.

இரண்டு யானைகளுக்கும் நடுவில் இருந்த புல்வெளியில் புலி வந்து நின்றது.

எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். முதலில் இல்லை, பிறகு இருந்தது. அதன் இடது பக்கம் எங்களைப் பார்த்து இருந்தது. நான் நினைத்திருந்த மஞ்சளே அது இல்லை, வெல்லம் காய்ச்சும்போது வருமே, அந்த நிறம். வரிகளில் ஒன்றுகூட நூல் பிடித்ததில்லை. சிலது பாதியில் பிரிந்தது, சிலது பாதியில் நின்றுபோனது, ஒன்று வளைந்து திரும்பி மேலேயே போனது. எனக்குப் பயமே வரவில்லை. வெட்கம் மாதிரி ஒன்று வந்தது, அடுத்த வீட்டுக்குள் கேட்காமல் நுழைந்துவிட்ட மாதிரி.

அப்பாவின் பென்சில் நோட்டில் ஓடும் சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு சத்தம் நின்றது. இடது பக்கம் முடிந்துவிட்டது. பாயின்ட்ஸ்மேன் இஞ்சினுக்குக் காட்டுவதுபோல அப்பா மெதுவாகக் கையைச் சுழற்றினார். திரும்பு, திரும்பு என்று உதடு அசைந்தது. புலி தலையை மட்டும் திருப்பியது. அதுவும் எங்கள் பக்கம் இல்லை, அம்மாவின் யானை நின்ற பக்கம். அந்தப் பக்கத்தையே கொஞ்ச நேரம் பார்த்தது. அப்புறம் நேராக நடந்து புல்லுக்குள் போய்விட்டது.

அப்பா நோட்டை மூடவில்லை. வலது பக்கத்துக்காக விட்டிருந்த வெள்ளைத் தாள் அப்படியே இருந்தது. ஆனால் அவர் முகத்தில் வருத்தம் இல்லை, சொல்லப்போனால் சிரித்தார். அந்தப் பக்கம் அம்மா இருக்கிறாளே.

யானைகள் ஒன்று சேர்ந்ததும் அவர் பாகன்களின் உத்தரவையெல்லாம் மறந்துவிட்டார். “பார்த்தியா? வலது பக்கம் உன் பக்கந்தானே இருந்துது? எப்படி இருந்துது, சொல்லு” என்றார்.

அம்மாவின் முந்தானைக்குள் தம்பியின் தலை இருந்தது. அவள் அதை மெதுவாக விலக்கினாள். தம்பி மூச்சு முட்டி வெளியே வந்து, அம்மா என் கண்ணைப் பொத்திட்டாங்க என்று அழ ஆரம்பித்தான்.

“குழந்தை கத்திடுவானோன்னு அவன் கண்ணைப் பொத்தினேங்க” என்றாள் அம்மா.

“சரி, நீ பார்த்தியா இல்லையா?”

அம்மா என்னைப் பார்த்தாள், நோட்டைப் பார்த்தாள், அதில் இருந்த இடது பக்கத்தைக் கொஞ்சம் அதிக நேரமே பார்த்தாள். “நானும் கண்ணை மூடிக்கிட்டேங்க” என்றாள்.

அப்பா அவளுடைய பாகனைக் கேட்டார். புலி பக்கத்தில் இருக்கும்போது நான் யானையின் காதைத்தான் பார்ப்பேன், புலியைப் பார்த்துக்கொண்டிருந்தால் நாம் எல்லோரும் கீழே கிடப்போம் என்று அந்த மனிதர் சொல்லிவிட்டார்.

அப்பா பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். பிறகு காடே அதிர்கிற மாதிரி சிரித்தார். கூடலூர் பஸ்ஸில் யாரோ ஒருவரிடம் சொல்லிச் சிரித்தார், ஈரோட்டில் டிக்கெட் பரிசோதகரிடம் சொல்லிச் சிரித்தார். பொன்மலை முழுக்கத் தெரிந்துபோயிற்று. புலி பார்க்க முதுமலைவரை போய்க் கண்ணை மூடிக்கொண்டு வந்தவள். குழாயடியில் அம்மா குடத்தை வைத்தால் யாராவது கேட்பார்கள், தண்ணி வருதா பாருங்க, கண்ணைத் திறந்து பாருங்க என்று. அம்மாவும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன், அதற்குக் கணக்கே இல்லை. அதை நினைத்தால் இப்போது என் முகத்தில் நானே அறைந்துகொள்ளலாம்போல இருக்கிறது.

அப்பாவின் தீர்மானம் இது. இடது பக்கம் நேரில் பார்த்தாயிற்று, அதில் நூல் இல்லை, டைம்கீப்பர் சொன்னதில் அந்தப் பாதி சரி. ஆனால் ஒரே உடம்புக்கு இரண்டு தனித்தனிப் படம் போட்டுக்கொண்டிருக்கக் கடவுளுக்கு என்ன வேலையில்லையா? இடது எப்படியோ வலதும் அப்படியே.

அடுத்த ஆயுத பூஜைக்குச் சம்மட்டிக்காரர் எங்கள் கொல்லைக்கே வந்தார். அப்பா நோட்டை விரித்து வைத்துக்கொண்டு இடது விலாவில் காட்டுப் புலியைப் போட்டார். பிரிந்து, நின்று, வளைந்து திரும்பிய அந்த ஒரு வரி உட்பட. பிறகு வலது பக்கம் வந்து அதையே கண்ணாடியில் பார்த்த மாதிரி திருப்பிப் போட்டார். வாசலில் டைம்கீப்பர் ஒரு பக்கம் பார்த்தார், “இது புலி” என்றார். சுற்றிப் போய் மறுபக்கம் பார்த்தார். மீசையைத் தடவினார். எல்லோரும் நெருக்கவே, பர்மாவில் தான் பார்த்த புலியும் ஒரு பக்கம் காட்டிவிட்டுத்தான் போயிற்று என்று ஒப்புக்கொண்டார். அன்றைக்கு அப்பாவை அவர்கள் தோளில் தூக்காத குறை. அதற்கப்புறம் அவர் ஓய்வு பெறுகிறவரை உறையூர்ப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

அந்தக் கூட்டத்தில் எனக்கு இப்போதும் தெளிவாக ஞாபகம் இருக்கிற ஒன்று உண்டு. பெண்கள் எல்லோரும் நிழலுக்காக ஒரு பக்கம் ஒதுங்கி நின்றார்கள். அம்மா மட்டும் வெயிலில், புலியின் வலது பக்கம் பார்த்து நின்றாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. அப்பா ஜெயித்ததில் ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்தேன். ஒவ்வொரு வருஷமும் அவள் அதே பக்கம்தான் நின்றாள்.

அப்பா போய்ப் பல வருஷம் கழித்து அம்மா என்னோடு வந்து இருந்தாள். நோட்டு எந்த வீடு மாறும்போது தொலைந்ததோ தெரியாது. கூஜா மட்டும் மிச்சம். ஒரு நாள் மத்தியானம் டெலிவிஷனில் புலி வந்தது. பழக்க தோஷம், நான் சொன்னேன், அம்மா, கண்ணை மூடிக்கோ.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். “நான் எப்போ கண்ணை மூடினேன்?” என்றாள்.

நான் டெலிவிஷனை அணைத்தேன். அப்படியென்றால் பார்த்தாயா என்றேன். பார்த்தாளாம். தலையிலிருந்து வால்வரை பார்த்தாளாம். அது அவளையும் பார்த்ததாம். வயிற்றுக்கு அடியில் வரி எங்கே போய் முடிகிறது என்பதுவரை பார்த்தாளாம். இரண்டு பக்கமும் ஒன்றா என்று கேட்டேன். நோட்டைப் பார்த்த அன்றைக்கே தெரிந்துவிட்டது, கொஞ்சம்கூட ஒன்றில்லை என்றாள். சொல்லிவிட்டு அன்றைக்கு ஆயுத பூஜையில் குலுங்கிய மாதிரியே சிரித்தாள். அழுகை இல்லை அது என்று எனக்குப் புரிய இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

“அப்பா மனசு கஷ்டப்படும்னா சொல்லாம விட்டே?”

“சேச்சே. அவரு தப்புன்னா தப்புன்னு ஒத்துக்கறவருதான். உறையூருக்கு அவரே கூட்டிட்டுப் போயிருப்பாரு” என்றாள். ஒரு கீரைத் தண்டை ஒடித்துப் போட்டுவிட்டு, “சொல்லியிருந்தா அன்னிக்கே அது நோட்டுல ஏறியிருக்கும். அப்புறம் அந்த ஆள் முதுகுல ஏறியிருக்கும். ஒர்க் ஷாப் பூரா பார்த்திருக்கும். வீட்டுல எனக்குன்னு எதைத்தான்டி நான் வெச்சுக்கிட்டேன்? அந்த ஒரு பக்கமாவது எங்கிட்ட இருக்கட்டுமேன்னு இருந்துட்டேன்” என்றாள்.

ஊரெல்லாம் சிரித்ததே என்றேன். சிரித்தால் என்ன, பார்த்தவள் நான்தானே என்றாள்.

நான் விடவில்லை. பேப்பரும் பென்சிலும் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தேன். அம்பதைத் தாண்டிய பொம்பளை, ஒன்பது வயசுப் பிள்ளை மாதிரி கெஞ்சினேன். எனக்கு மட்டும் காட்டு, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றேன். அம்மா பென்சிலைக் கையில் எடுத்தாள். கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு முறத்தின் ஓரத்தில் வைத்துவிட்டாள்.

“நீ உங்கப்பா பொண்ணு. ஒனக்கு இடது பக்கம் போதும்” என்றாள்.

அதற்குப் பிறகு ஆறு வருஷம் இருந்தாள். சொல்லவே இல்லை. இப்போது பேரன் போனில் புலி வீடியோ காட்டுவான். புலி அந்தப் பக்கம் திரும்பட்டும், கொஞ்சம் இரு என்பேன் நான். எத்தனையோ புலிகள் திரும்பிவிட்டன. அம்மாவுடையது மட்டும் இன்னும் திரும்பவில்லை.